வேலை முடிந்து வந்தபின் எம்பிராய்டரிக்கு நேரம்

வணக்கம். ஏழு மணிக்கு வீடு வந்து சமைத்து முடித்தால், தலையணை உறையில் பாதியில் நிற்கும் பூவேலையை எடுக்கத் தெம்பே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நேரத்தைவிட, ஆரம்பிப்பதுதான் சிரமம் என்று எனக்குப் படுகிறது. பீரோவைத் திறந்து, நூலைத் தேடிச் சிக்கெடுத்து, ஊசி கோர்ப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும்.

ஞாயிற்றுக்கிழமையே நூலை முழ நீளத்துக்கு வெட்டிவிடுங்கள். எம்பிராய்டரி நூலில் பொதுவாக 6 இழை இருக்கும். இரண்டிரண்டாகப் பிரித்து, நாலைந்து ஊசிகளில் கோர்த்து, ஒரு துணித்துண்டில் குத்தி வையுங்கள். எல்லாம் ஒரே டப்பாவில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். துணியை இழுத்துப் பிடிக்கும் வட்ட ஃப்ரேமின் திருகை மட்டும் தினமும் தைத்து முடித்ததும் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் துணியில் தடம் விழும். ஒரு நாளைக்கு ஒரு இதழ் தைத்தாலும் போதும்.

அப்புறம் சமையல். வாரத்தில் இரண்டு நாளாவது திட்டமே போடாமல், இருப்பதை வைத்துச் செய்து பாருங்கள். புளித்த தோசை மாவில் வெங்காயம், பச்சை மிளகாய், துருவிய கேரட் சேர்த்து, கடுகு உளுந்து கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிப் பணியாரம் ஊற்றலாம். முள்ளங்கி, சுரைக்காய் என்றால் துருவிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், மாவு நீர்த்துப்போகாது. எனக்கு இதுவும் கலைதான், பூவேலைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

வீட்டில் மற்றவர்கள் இருந்தால் பாத்திரம் கழுவுவதை அவர்களிடம் விடுங்கள். அதைக் கேட்க நீங்கள் தயங்கவே வேண்டாம்.