கேள்வி பதில்: ஐரிஷில் ‘பெண்’

கே: டப்ளினில் ஒரு கழிப்பறைக் கதவில் எம்-என்-ஏ என்று இருந்தது. ‘மேன்’ என்பதைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று உள்ளே போய்விட்டேன்!

ப: நீங்கள் முதல் ஆள் இல்லை. அது ‘ம்னா’, பெண்கள். பக்கத்துக் கதவில் ‘ஃபிர்’ என்று இருந்திருக்கும். அதுதான் உங்களுக்கு.

கே: பெண் என்றால் ‘ப்யன்’ என்று படித்தேனே? ‘ம்னா’ எங்கிருந்து வந்தது?

ப: இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தில் அவரைக்காயின் ஆங்கிலப் பெயர் மாதிரியே பி-இ-ஏ-என், வாயில் ப்யன். ஐரிஷ், ஆங்கிலம், வடமொழி எல்லாவற்றுக்கும் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் வேர் ‘க்வென்’ (‘குரு’வில் வரும் க). ஐரிஷின் குடும்பமான கெல்டிய மொழிகளில் அந்த க்வ, ‘பஸ்’ஸில் வரும் ப ஆனது. சில உருபுகளில் நடு உயிர் விழுந்து ‘ப்னா’ என்று நின்றது. அப்புறம் பக்கத்து ன் தொற்றி ப்-உம் ம் ஆயிற்று. பழைய ப் நிஜமாகவே இருந்ததா என்றால், பிரான்ஸின் லார்சாக்கில் 1983-இல் கிடைத்த, அங்கே பழங்காலத்தில் பேசிய ‘காலிஷ்’ என்ற கெல்டிய மொழி ஈயத்தகட்டில் ‘ப்னனோம்’, ‘பெண்களுடைய’, என்று கீறியிருக்கிறது.

இன்றைய வடிவங்கள்: அந்தப் பெண், ‘அன் வ்யன்’. அந்தப் பெண்ணின், ‘ந ம்னா’. அந்தப் பெண்கள், அதுவும் ‘ந ம்னா’தான். அந்தப் பெண்களின், ‘ந மன்’; எழுத்தில் எம்-பி-ஏ-என், பி வாய் திறக்காது. 1914-இல் தொடங்கிய பெண்கள் அமைப்பு ‘குமன் ந மன்’ பெயரில் இருப்பது இதுவே. நாமும் ‘நான்’ என்றுவிட்டு ‘என்னை’ என்கிறோமே, அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ப்யன், பெண்! தமிழ்ச் சொல்தானே ஐயா?

ப: இல்லை. காதை மட்டும் நம்பாதீர்கள். நம் ‘பெண்’ணுக்குக் கன்னட ‘ஹெண்ணு’ உறவு, பழங்கன்னடத்தில் அதுவும் ‘பெண்’; நம் ப பிறவியிலேயே ப. ஐரிஷ் ப அப்படியில்லை, அது க்வ. அதன் சொந்தங்கள் கிரேக்க ‘குனே’, ஆங்கில ‘குவீன்’, வடமொழி ‘ஜனி’. ‘குவீ’னையும் ‘பெண்’ணையும் ஒட்டிக் காட்டுங்கள், பார்க்கலாம்.

கே: ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. மறைக்கிறீர்களா?

ப: மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது? மேலே பாருங்கள்.

கே: ஐரிஷ் கதைகளில் ஓலமிடும் ஆவிப் பெண், பான்ஷீ?

ப: ‘ப்யன் ஷீ’, தேவதை மேட்டுப் பெண்.

கே: ‘பெண்’ணும் ‘ப்ய...’

ப: மேலே.

கே: அப்படியானால் ஐரிஷுக்கும் நமக்கும் ஒட்டே இல்லையா?

ப: தப்பான கதவில் தேடுகிறீர்கள். ‘ஃபிர்’ரின் ஒருமை ‘ஃப்யர்’. லத்தீன் ‘விர்’, வடமொழி ‘வீர’ எல்லாம் அதன் கூடப்பிறந்தவை. வடமொழியிலிருந்து நாம் வாங்கிய ‘வீரன்’ அந்த வழியில் வந்தவன். நம்மிடம் வாளேந்துகிறான், அங்கே சும்மா ஆம்பளை, கழிப்பறைக் கதவில் நிற்கிறான்.