கத்தி பிடிக்காத டாக்டர்

கேள்வி: என் மகள் ஹவுஸ்மேன் பயிற்சியை முடித்துவிட்டு அரசாங்க மருத்துவமனையில் மெடிக்கல் ஆபீசராக இருக்கிறாள். இருதய நிபுணர் ஆவாள் என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது தொற்றுநோய் நிபுணர் ஆகப் போகிறேன் என்கிறாள். ஆபரேஷன் கிடையாது, பெரிய வருமானமும் கிடையாது. காய்ச்சலுக்கு மருந்து எழுத இத்தனை வருடப் படிப்பா? எச்.ஐ.வி., காசநோய் வார்டில் வேலை என்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அவள் மனம் மாற நாலு வார்த்தை எழுதுங்கள்.
— ஒரு தந்தை, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: எழுதுகிறேன் ஐயா, ஆனால் உங்களுக்கு.

‘காய்ச்சலுக்கு மருந்து எழுத’ என்கிறீர்கள். டிங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் கொதிக்கும்போது வீடே பதறும். மூன்று நாலு நாளில் உடம்பு குளிர்ந்ததும், “இறங்கிவிட்டதே, வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா?” என்று கேட்போம். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், ரத்தம் கெட்டிப்படும். டிரிப்ஸ் குறைந்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும், கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து மூச்சு திணறும். மணிக்கு மணி நாடியையும் ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்பதையும் சிறுநீரையும் பார்த்து டிரிப்ஸை ஏற்றி இறக்குவதுதான் அங்கே வைத்தியம்.

இன்னொன்று, நம்மவர்கள் அவசியம் கேட்டுக்கொள்ள வேண்டியது. இந்த நாட்டில் இனவாரியாகப் பார்த்தால் சர்க்கரை வியாதி அதிகம் இருப்பது இந்தியர்களிடம். ஈர மண்ணில் வாழும் ஒரு கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ், சர்க்கரை உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும். நிமோனியா போலவும் வரும், காசநோய் போலவும் வரும், ஈரலில் சீழ்க்கட்டியாகவும் வரும். வழக்கமான பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மசியாது. “என்ன வேலை பார்க்கிறீர்கள்? மழையில் மண்ணைக் கிளறினீர்களா? காலில் புண் இருந்ததா?” என்று உட்கார்ந்து கேட்கிற டாக்டருக்குத்தான் அது சிக்கும். பத்து நாளுக்குக் குறையாமல் ஊசி, அப்புறம் குறைந்தது மூன்று மாதம் மாத்திரை. பாதியில் விட்டால் திரும்பி வரும். உங்கள் மகள் எடுக்க நினைக்கும் துறையில் ஆபரேஷன் இல்லை என்கிறீர்களே, இந்தக் கேள்விகள்தாம் அங்கே கத்தி.

அப்படிக் கேட்பதன் அருமை இந்த நாட்டுக்கு 1998-99இல் புரிந்தது. ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. கணக்கு எங்கோ உதைக்கிறது என்று சில மருத்துவர்களுக்குப் பட்டது. கொசு என்றால் பிள்ளைகளை அல்லவா அதிகம் தாக்க வேண்டும்? விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பக்கத்திலேயே குடியிருந்த, பன்றியைத் தொடாத மலாய்க்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்களையும் அதே கொசுதானே கடித்திருக்கும்! கடைசியில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆனது. அதற்குள் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்ற பிறகே அடங்கியது. யாருக்கு வந்தது என்பதோடு யாருக்கு வரவில்லை என்றும் கேட்கும் புத்தி இன்னும் கொஞ்சம் முன்னால் வென்றிருந்தால் எத்தனை குடும்பம் பிழைத்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

சரி, நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காசநோய் என்று தெரிந்த வார்டில் முகக்கவசமும் காற்றோட்டமும் இருக்கும். தெரியாமல் இருமுகிறவர் உட்கார்ந்திருக்கும் கிளினிக்கில்தான் காவல் குறைவு. உங்கள் பினாங்கில் 1879இல் பிறந்த டாக்டர் வூ லியென் தே, 1910இல் சீனாவின் மஞ்சூரியாவில் மூச்சுக்காற்றில் பரவிய பிளேக்குக்கு நடுவே போய் நின்றார். சுமார் அறுபதாயிரம் பேரைக் கொன்ற நோய் அது. பஞ்சும் வலைத்துணியும் வைத்த முகக்கவசத்தை எல்லாரையும் கட்டச் சொன்னார். ஏற்க மறுத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி சில நாளில் இறந்தார். வூ, 1960இல் பினாங்கில் கண்மூடினார், எண்பதைத் தாண்டி.

மாப்பிள்ளை வீட்டார் விஷயத்தில் உங்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. எச்.ஐ.வி. தொட்டால் வராது, பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. கர்ப்பிணிகளுக்குச் சோதனை செய்து, உடனே மருந்து கொடுத்து, தாயிடமிருந்து பிள்ளைக்கு அது போவதை மலேசியா ஒழித்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் சான்று தந்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு நாம்தான். அந்த வேலையில் பங்குகொண்ட வார்டுகளைப் பார்த்து முகம் சுளிக்கும் வீட்டுக்கு உங்கள் பெண் எதற்குப் போக வேண்டும்?

வருமானத்தைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. தனியார் மருத்துவமனையில் கைவேலைக்குத்தான் காசு, யோசிப்பதற்கு இல்லை. ஆஞ்சியோ செய்பவர் சம்பாதிப்பதை இவள் சம்பாதிக்கமாட்டாள். ஆனால் நீங்கள் கனவு கண்ட அதே இருதய நிபுணர், வால்வில் கிருமி பிடித்த நோயாளியை வைத்துக்கொண்டு, எந்த மருந்து, நாலு வாரமா ஆறு வாரமா என்று கேட்க இவளைத்தான் கூப்பிடுவார்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். அதை எதிர்த்து 2021 ஜூலையில் மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்பு செய்து நின்ற பிள்ளைகளைப் பார்த்தோம். மகளுக்கு நிரந்தரப் பதவி கிடைத்துவிட்டதா என்று கேளுங்கள். முதலில் பொது மருத்துவத்தில் நிபுணராக வேண்டும், அதற்குமேல் தொற்றுநோய்க்கு மூன்று ஆண்டு. எம்.ஆர்.சி.பி. என்ற பிரிட்டிஷ் மருத்துவப் பரீட்சை வழியில் போவதென்றால் பிரிட்டிஷ் பவுண்டில் கட்டணம் கட்டி மூன்று கட்டமாகத் தேற வேண்டும், அதுவும் ஆன்-கால் பார்த்துக்கொண்டே. கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருப்பதில் முதல் பரீட்சைக் கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள்.