வாசகர் கேள்வி: அப்பா அம்மாவோடு ஆல்ப்ஸில் நான்கு நாள்

கேள்வி: ஜூன் கடைசியில் அப்பா (71), அம்மா (66) இருவரையும் சுவிட்சர்லாந்து கூட்டிப் போகிறேன். இன்டர்லாக்கன் பக்கம் நான்கு நாள் தங்குவோம். அப்பாவுக்கு இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். ஊட்டிக்குப் போனால் அவருக்கு ஒன்றும் செய்வதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் பனியைக் கையால் தொட வேண்டும் என்று ஆசை. யுங்ஃப்ராவ்யோக் பார்க்காமல் வந்தால் போனதே வீண் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கெங்கே போகலாம்?
— வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா யுங்ஃப்ராவ்யோக் போகலாமா என்பதை உங்கள் சொந்தக்காரர்களும் முடிவு செய்யக் கூடாது, நானும் செய்யக் கூடாது. அவருடைய இதய மருத்துவரைக் கேளுங்கள். அங்குள்ள ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பள்ளத்தாக்கில் காலை உணவை முடித்துக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் மேலே நிற்போம். உடம்பு பழகிக்கொள்ள நேரமே இருக்காது.

ஆனால் அங்கே போகாததால் உங்கள் பயணம் வீணாகாது. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களும் தோளோடு தோள் நிற்பதுதான் அந்த ஊரின் பேரழகு. யுங்ஃப்ராவ்யோக் என்பது கடைசி இரண்டுக்கும் நடுவிலுள்ள கணவாய். தேர்மேல் ஏறி உட்கார்ந்தவருக்குத் தேர் தெரியாது இல்லையா? எதிரே நிற்க வேண்டும். அப்படி எதிரே நின்று பார்க்க நான் சொல்லும் இடங்கள் எல்லாமே, 2,240 மீட்டரில் இருக்கும் உங்கள் ஊட்டியைவிடத் தாழ்ந்தவை.

அதில் என் முதல் தேர்வு ஷீனிகெ பிளாட்டெ. இன்டர்லாக்கனை ஒட்டியுள்ள வில்டர்ஸ்விலிலிருந்து 1893 முதல் ஓடும் பல்சக்கர ரயில், சுமார் 7 கிலோமீட்டரை ஏற ஐம்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறது. மரப் பெஞ்சு, திறந்த ஜன்னல். ஏற ஏற ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பனி மலை. அப்பா மேட்டுப்பாளையம் மலை ரயிலில் போயிருப்பார்தானே? அந்த ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் என்ற ஊரில் செய்யப்பட்டவை. ஏறும்போது அவரிடம் சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும். மேலே, நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஆல்ப்ஸ் மலைச் செடிகளுக்கான தோட்டம் இருக்கிறது. கோடையில் மட்டுமே ஓடும் ரயில் என்பதால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூரென். 1,638 மீட்டர், குன்னூரைவிடத் தாழ்வு. லௌட்டர்புருன்னனிலிருந்து கேபிள் காரில் கிரியூட்ஷால்ப் போய், அங்கிருந்து குட்டி ரயில். கார்கள் இல்லாத கிராமம். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே மூன்று சிகரங்களும். தண்டவாளத்தை ஒட்டிய நடைபாதை பெரும்பாலும் சமதளம். அம்மாவுக்குக் கால் வலித்தால் நடுவில் வின்டரெக்கில் ரயில் பிடிக்கலாம்.

லௌட்டர்புருன்னனில் ஷ்டௌப்பாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, கீழே வருவதற்குள் பாதி காற்றிலேயே தூளாகிவிடும். அதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம். மலைக்குள்ளே பாயும் ட்ரூமெல்பாக் அருவிகளையும் எல்லோரும் சொல்வார்கள். நொடிக்கு 20,000 லிட்டர் வரை தண்ணீர், அந்த இரைச்சல் நெஞ்சுக்குள் கேட்கும். ஆனால் லிஃப்ட் இருந்தாலும் அதற்கப்புறம் ஈரமான படிகள் உண்டு. அம்மாவுக்கு வேண்டாம், நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

சரி, அம்மாவின் பனி ஆசை? அதை விட்டுவிடாதீர்கள். மூவருமாக கிளைன ஷைடெக் வரை ரயிலில் போங்கள். 2,061 மீட்டர். ஐகரின் வடக்குச் சுவர், ஏறக்குறைய 1,800 மீட்டர் செங்குத்துப் பாறை, தலைக்கு நேரே நிற்கும். 1938-ல்தான் அதன் வழியாக முதன்முதலில் ஏறி முடித்தார்கள். மருத்துவர் வேண்டாமென்று சொல்லியிருந்தால் அப்பா அங்கேயே உணவகத்தில் சூடாக ஏதாவது குடித்தபடி இருக்கட்டும். நீங்களும் அம்மாவும் 1912-ல் திறந்த சுரங்க ரயிலில் யுங்ஃப்ராவ்யோக் போய், பனியைத் தொட்டு, ஆல்ப்ஸிலேயே நீளமான அலெட்ச் பனியாற்றைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். போய்வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அப்பாவிடம் போனும் மாத்திரையும் இருக்கட்டும்.

இதற்கான நாளை இங்கிருந்தே முடிவு செய்யாதீர்கள். நான் ஒருமுறை ஊரிலிருந்தே சீட்டு வாங்கிப் போய், ஒரு மணி நேரம் வெறும் வெள்ளை மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினேன். செலவான பணத்தைவிட, கூட வந்த என் அம்மாவின் முகம்தான் இன்றும் மனதில் நிற்கிறது. முந்தின நாள் மாலை வானிலையையும் மலைமேல் உள்ள நேரலைக் கேமராவையும் பார்த்துவிட்டு, அப்புறம் சீட்டும் இருக்கையும் எடுங்கள்.

மேகம் மூடிய நாளுக்கு பிரியென்ஸ் ஏரிப் படகு இருக்கிறது. பனியாறுகள் அரைத்த பாறைத் தூள் கலந்திருப்பதால் தண்ணீர் பச்சையும் நீலமுமாக இருக்கும். கீஸ்பாக் படகுத்துறையில் இறங்கினால் அருவி வரை ஏற 1879 முதல் ஓடும் இழுவை ரயில் உண்டு, அம்மா நடக்க வேண்டியதில்லை.

தங்குவதற்கு லௌட்டர்புருன்னன் பாருங்கள். இன்டர்லாக்கனிலிருந்து ரயிலில் இருபது நிமிடம், உயரமும் 800 மீட்டர்தான், அப்பா நன்றாகத் தூங்குவார். அறை எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பழைய மரவீடுகளில் பலவற்றில் மாடிக்குக் குறுகலான படிதான்.