கட்டி இருப்பது தெரிந்தும் அத்தை ஏன் சொல்லவில்லை?

கேட்டிருப்பவரின் அத்தை பள்ளி ஆசிரியை. மார்பில் கட்டி தட்டுப்பட்டும் எட்டு மாதம் வாய் திறக்கவில்லையாம். படித்தவர்களே இப்படி என்றால், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு என்று இத்தனை செய்து என்ன பயன் என்று கேட்கிறார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அத்தைக்குத் தெரியாமல் இருந்திருக்காது. "வலிக்கவில்லையே" என்பதைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தியிருப்பார். வலித்தால்தான் நோய் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன கணக்கு. இந்த நோயிடம் அது செல்லாது. தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதே இல்லை. மாதவிலக்குக்கு முன் இரண்டு பக்கமும் கனத்து வலித்தால் மட்டும் பதறிக்கொண்டு வருவார்கள். அது அநேகமாக ஹார்மோன் வேலை.

அடுத்தது கூச்சம். இரத்த அழுத்த மாத்திரை வாங்க வருவார்கள். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வாசல்வரை போய், வெளியே மருமகள் நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி, "சிஸ்டர், இங்கே சின்னதாக ஒன்று..." என்று இழுப்பார்கள். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தால், தோல் ஆரஞ்சுப் பழத் தோலாகக் குழி விழுந்திருக்கும். காம்பு உள்ளே இழுத்திருக்கும். சின்னதாம்!

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பெண்கள். அவர்களில் ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்தார்கள், மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே கிடையாது. 2021இல் முடிவு வெளியானது. 50 வயதைத் தாண்டியவர்களில் இந்த நோயால் இறப்பது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குக் கீழ் வயதினருக்கு அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் சுவரொட்டியைவிட, "உள்ளே வாருங்கள், பார்த்துவிடலாம்" என்று கூப்பிடும் ஒரு பெண் பணியாளர்தான் எனக்குப் பெரிது. தமிழ்நாட்டில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் பரிசோதனை இலவசம்.

பால் கொடுக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: பால் கட்டிக்கொண்டது என்று வீட்டில் சொல்வார்கள், அநேகமாகச் சரியாகவும் இருக்கும். இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

அத்தை இனி பயாப்சிக்குத் தயங்குவார். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று யாராவது பக்கத்து வீட்டிலிருந்து வந்து சொல்லியிருப்பார்கள். ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவாது. மார்பையே எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் உள்ளே இருக்கும். பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலே போதும். கட்டி பெரிதாக இருந்தால், மருந்தால் முதலில் சுருக்கிவிட்டு அறுவை சிகிச்சை செய்வதும் உண்டு. அத்தைக்கு எது பொருந்தும் என்று மருத்துவரிடம் அத்தை எதிரிலேயே கேளுங்கள். அவர் தானாகக் கேட்க மாட்டார்.