குழுவினரின் அறிக்கைகளை இரவில் நீங்களே திருத்துவது பற்றி

திருத்தாதீர்கள். எங்கே குறை என்று இரண்டு வரி எழுதி, எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள். வீட்டில் பிள்ளைகளைத் தாமாகச் செய்யப் பழக்கிய உங்களால் அலுவலகத்தில் ஏன் முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: பிள்ளைக்குச் செருப்பு வார் மாட்ட முதலில் செய்து காட்டினீர்கள், பிறகு காத்திருந்தீர்கள். இங்கே "வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள். முடிந்த அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பது உங்கள் மனதில்தான் இருக்கிறது.

சோதிக்க ஒரு வழி. கடைசியாகத் திருத்திய மூன்று அறிக்கைகளை எடுங்கள். ஒவ்வொரு திருத்தமும் உண்மைப் பிழையா, உங்கள் நடை விருப்பமா என்று குறியுங்கள். நடை விருப்பம் என்றால் விட்டுவிடுங்கள் (கஷ்டம்தான், ஆனாலும் விடுங்கள்). ஒரே பிழை இரண்டு மூன்று பேரிடம் வந்தால் உங்கள் விளக்கம் போதவில்லை.

அடுத்த முறை நல்ல மாதிரி ஒன்றைக் காட்டுங்கள். எதை எழுதுபவரே முடிவு செய்யலாம், எதைக் கேட்க வேண்டும் என்று பிரித்துச் சொல்லுங்கள். ஐந்து நாள் வேலையென்றால் இரண்டாம் நாளே, அறிக்கை அரைகுறையாக இருக்கும்போதே பாருங்கள். நான்காம் நாள் பார்த்தால் திருப்பிக் கொடுக்க நேரமிருக்காது, மறுபடி நீங்களே கையில் எடுப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை: சக ஊழியர்கள் பிள்ளைகள் அல்ல. பொறுமையைக் கொண்டுவாருங்கள், அம்மா அப்பா தொனி வேண்டாம். பணமோ சட்டமோ சம்பந்தப்பட்ட பிழை, கெடு இன்றைக்கே என்றால் நீங்களே திருத்தலாம். எதை மாற்றினீர்கள் என்று அன்றே எழுதியவரிடம் தனியாகக் காட்டிவிடுங்கள்.