டெமோவைப் பார்த்து எல்எம்எஸ் வாங்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறையில் இருக்கிறேன். பாடம், பரீட்சை, மார்க் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்தும் மென்பொருள்தான் எல்எம்எஸ்; அதைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் போட்டுவிட்டார்கள். மூன்று கம்பெனிகள் டெமோ காட்டின, மூன்றுமே நன்றாகத்தான் இருந்தன. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: டெமோவில் எது நன்றாக இல்லாமல் இருந்திருக்கிறது? பாடம், நெட், லேப்டாப் எல்லாம் அவர்களுடையது. உங்கள் பாடம் ஒன்றை ஏற்றிப் பார்க்க இரண்டு வாரம் சோதனை லாகின் கேளுங்கள். தராதவர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

மெனு தமிழில் வருகிறதா என்று பார்த்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் விடை திருத்துவதில்தான். ஒரு சொல் விடை கேட்டு, ‘மௌவல்’ என்பதைச் சரியான விடையாகக் கொடுங்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் ‘மெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ தட்டுவார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும். மெஷின் தவறென்று பூஜ்யம் போடும். இப்படி இரண்டு வடிவத்தையும் விடையாகச் சேர்க்க வழி இருக்கிறதா பாருங்கள். ‘கொன்றை’யின் கொ வேறு கதை. இன்று கணினியும் போனும் தமிழுக்குப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அதன் உயிர்க்குறியை ஒன்றாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத எழுத்துருவில் கிடக்கும் பழைய வினாத்தாள்களை முன்கூட்டியே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்து போன். நெல்லியாம்பதி மலை எஸ்டேட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு வீட்டில் ரேஞ்சு இருக்காது. கல்லூரி வைஃபையில் பாடத்தை இறக்கி, வீட்டில் நெட் இல்லாமல் திறக்க முடிகிறதா? மூடுல் என்ற எல்எம்எஸ்ஸின் ஆப்பில் முடியும். மற்றவற்றை விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் நீங்களே சோதியுங்கள், கம்பெனிக்காரர் போனில் வேண்டாம்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: 2002-இல் வந்த மூடுல் இலவசம், ஆனால் சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் இலவசமில்லை. பொறுப்பெடுக்க கம்ப்யூட்டர் துறையில் ஒருவர் இருந்தால் என் ஓட்டு மூடுலுக்கே. இல்லையென்றால் கூகுள் கிளாஸ்ரூம் போதும். அசைன்மென்ட் வாங்கித் திருத்த அது சுலபம், தேர்வு வைக்க மட்டும் கூகுள் ஃபார்ம்ஸைத்தான் நம்ப வேண்டும்.

சோதனையின் கடைசி நாளில் கேள்வி வங்கி, இன்டர்னல் மார்க், அசைன்மென்ட் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். வெறும் பிடிஎஃப் தந்தால் ஏற்காதீர்கள். கேள்விகள் வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்பாகவும் மார்க் எக்செல்லில் திறக்கும்படியும் வர வேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை நாளுக்குள், கட்டணமில்லாமல் இதைத் தருவார்கள் என்பதை டெண்டரிலேயே எழுதி வாங்குங்கள்.