ஓவன் கோய்ல் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தது தவறான முடிவா? ரசிகர்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை 2023 ஜூலையில் கேட்டிருந்தால், வாத்தியார் வந்துவிட்டார், இனி என்ன கவலை என்று ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன். 2025 பிப்ரவரியில் கேட்டிருந்தால் இந்தத் தளம் என் பதிலை நீக்கியிருக்கும். இப்போது இரண்டு சூடும் ஆறிவிட்டதால் நிதானமாகச் சொல்ல முடிகிறது: அவரைத் திரும்ப அழைத்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நாங்கள் அவரைக் கொண்டாடி வரவேற்றதற்குச் சொல்லிக்கொண்ட காரணம் தவறானது. முதல்முறை எங்கள் பயிற்சியாளராக இருந்த 2019-20 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தில் அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதை நாங்கள் சரியாகப் பார்க்கவே இல்லை.

நான் குன்னூர்க்காரன், ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரியமேடு நேரு ஸ்டேடியம் ஒரு மாலை நேரத்துப் பொழுதுபோக்காக இருக்கலாம். எங்களுக்கு அது மேட்டுப்பாளையம் வரை மலையிறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவைக் கழித்து, அதிகாலையில் சென்ட்ரலில் இறங்கிச் சேர வேண்டிய இடம். அப்படி நான்கு பேர் கிளம்பிப்போய் 2020 பிப்ரவரி 29 அன்று கோவா அணிக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் பார்த்தோம். முதல் பாதியில் கோல் எதுவும் இல்லை. இரண்டாம் பாதியில் கோயன், தாப்பா, எலி சபியா, சாங்தே என்று நான்கு பேர் அடித்து 4-1 என்று முடிந்தபோது, அடித்தவர்களில் இருவர் தற்காப்பு வீரர்கள் என்பதைக்கூடக் கவனிக்காமல் தொண்டை கட்டும்வரை கத்தினோம். ஊர் திரும்பும் ரயில் ஆட்டம் முடியுமுன்பே கிளம்பிவிடும் என்பதால் பெரம்பூரில் சித்தி வீட்டுக்குப் போய்ப் படுத்தோம், யாரும் தூங்கவில்லை.

இரண்டாம் ஆட்டத்தில் 4-2 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 6-5 என்று இறுதிப் போட்டிக்குப் போனோம். மார்ச் 14 அன்று ஃபதோர்தாவில் நடந்த அந்த இறுதிப் போட்டியில் கொல்கத்தா அணியான ஏ.டி.கே. 3-1 என்று வென்றது. கொரோனா காரணமாக ஆட்களே இல்லாத மைதானத்தில் அந்த ஆட்டம் நடந்ததைப் குன்னூர் பெட்போர்டு பக்கம் நண்பரின் பேக்கரியில் உட்கார்ந்து பார்த்தேன். வால்ஸ்கிஸ் எங்களுக்காக ஒரு கோல் அடித்தபோது தொலைக்காட்சியில் வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம்தான் கேட்டது. பத்து நாட்களில் நாடே மூடப்பட்டது. அந்த ஆண்டே கோய்ல் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். அந்தப் பருவத்தில் 15 கோல்களுடன் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கிய வால்ஸ்கிஸும் அவருடன் போனார். அடுத்த இரண்டு பருவங்களும் முழுக்கக் கோவாவிலேயே நடத்தப்பட்டதால், 2022 வரை எங்கள் மைதானத்தில் ஒரு லீக் ஆட்டம்கூட நடக்கவில்லை. எங்கள் நினைவில் கடைசியாகப் பதிந்த நல்ல மாலை அந்த அரையிறுதி என்பதால், அதன் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரரும் அதோடு சேர்ந்து பதிந்துவிட்டார். மூன்று ஆண்டுகள் நாங்கள் ஏங்கியது அவருக்காகவா, அந்தக் காலத்துக்காகவா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன், தொழில் அப்படி. 2019-20 பருவத்தில் கோய்லுக்கு முந்தைய பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் கீழ் முதல் 6 ஆட்டங்களில் சென்னையின் எடுத்தது 5 புள்ளிகள். 2018-ல் கோப்பையை வென்று தந்த அதே கிரிகரி, அடுத்த பருவத்தில் கடைசி இடத்தையும் காட்டிவிட்டுத்தான் இந்த நிலைக்கு வந்திருந்தார். டிசம்பர் தொடக்கத்தில் பொறுப்பேற்ற கோய்ல், மீதமிருந்த 12 லீக் ஆட்டங்களில் 7 வெற்றிகளுடன் 24 புள்ளிகள் சேர்த்து, மொத்தம் 29 புள்ளிகளோடு அணியை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார். கொச்சியில் போய்க் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று வென்றதும் அந்த ஓட்டத்தில்தான். ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி என்ற வேகம் எந்த லீக்கிலும் பெரிய விஷயம்.

ஆனால் அந்த அணியைச் சேர்த்தவர் அவர் அல்ல. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, கோயன், எலி சபியா என எல்லோரும் அவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். தாப்பாவும் சாங்தேவும் அப்படியே. கோய்ல் செய்தது, பயந்துபோய்ப் பின்வாங்கி ஆடிக்கொண்டிருந்த அவர்களை முன்னேறி அடிக்கச் சொன்னதும், தோற்றாலும் அதே துணிச்சலோடு அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பியதும்தான். அவர் பொறுப்பேற்ற சில வாரங்களில் கோவாவிடம் 3-4 என்று தோற்ற ஆட்டம்கூட எனக்கு அலுப்புத் தரவில்லை. சரக்கு உள்ளே இருந்தது; பூட்டைத் திறக்க ஆள் வேண்டியிருந்தது.

2023-ல் அவர் திரும்பியபோது உள்ளே இருந்த சரக்கு வேறு. சாங்தே மும்பைக்கும், கோல்கீப்பர் விஷால் கைத்தும் தாப்பாவும் கொல்கத்தாவுக்கும் போய்விட்டிருந்தார்கள். முந்தைய மூன்று பருவங்களில் ஒன்றில்கூட அணி முதல் ஆறு இடங்களுக்குள் வரவில்லை. 2019-20 பருவத்தில் ஐந்து வெளிநாட்டு வீரர்களைக் களத்தில் இறக்க முடிந்தது. 2021-22 முதல் நான்கு பேருக்குத்தான் அனுமதி. முன்பு வெளிநாட்டவர் ஐந்து பேர் சேர்ந்து இழுத்த தேரை இப்போது நான்கு பேரும், முன்பைவிட அனுபவம் குறைந்த இந்திய இளைஞர்களும் இழுக்க வேண்டியிருந்தது. கவாத்து வெட்டிய தேயிலைச் செடியில் அடுத்த வாரமே கொழுந்து கிள்ளக் கூடையோடு போய் நின்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். அதைத்தான் நாங்கள் செய்தோம்.

அப்படி இருந்தும் முதல் ஆண்டை அவர் ஓரளவு காப்பாற்றினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். 22 ஆட்டங்களில் 27 புள்ளிகள், ஆறாம் இடம், 2020-க்குப் பிறகு முதன்முறையாகப் பிளே ஆஃப். மார்ச் 31 அன்று கொல்கத்தாவில் மோகன் பகானை 3-2 என்று வென்ற ஆட்டத்தில், இர்ஃபான் யாத்வாட் 90 நிமிடங்களுக்குப் பின் சேர்த்த நிமிடங்களில் அடித்த கோலுக்குப் பேக்கரியில் வர்க்கித் தட்டு கவிழ்ந்தது. பிளே ஆஃபின் நாக் அவுட் ஆட்டத்தில் கோவாவிடம் 2-1 என்று தோற்று வெளியேறினோம். அன்று யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. உண்மையில் அன்றே நாங்கள் கேட்டிருக்க வேண்டியது, 22 ஆட்டங்களில் 27 புள்ளி என்பது எந்த அளவுக்குப் போதும் என்பதுதான். ஆறாம் இடம் என்ற சொல்லின் இனிப்பில் அந்தக் கணக்கை மறந்துவிட்டோம்.

இரண்டாம் ஆண்டு அந்தக் கணக்கு வெளியே வந்தது. ஆட்டங்கள் 24 ஆயின. புள்ளிகள் அதே 27. இடம் 13 அணிகளில் பதினொன்று. எனக்கு இன்றும் விளங்காத விஷயம், அந்தப் பருவத்தில் ஐந்தாவதாக முடித்த ஜாம்ஷெட்பூரை, அதாவது அவருடைய பழைய அணியை, ஒரு முறை 5-1 என்றும் இன்னொரு முறை 5-2 என்றும் இதே சென்னையின் நொறுக்கியதுதான். இவ்வளவு திறமை இருந்த அணி மற்ற நாட்களில் பந்தைப் பறிகொடுத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றது. கூடலூரில் இருக்கும் என் சகலை, அந்தப் பக்கத்து வழக்கப்படி, மஞ்சள் சட்டைக்காரர், அதாவது கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர். கொச்சியில் 3-0, சென்னையில் 3-1 என்று இரண்டு ஆட்டங்களிலும் பிளாஸ்டர்ஸ் வென்ற பிறகு, "என்ன சகலை, உங்க வாத்தியார் பாடத்தையே மறந்துட்டாரா?" என்று தொலைபேசியில் கேட்டார். 6-3-ஐ நினைவூட்டலாம் என்று வாய்வரை வந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய கணக்கைக் காட்டிக் கடன் கேட்பது போலிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதன்பின் எங்கள் குழுவில் ஒரு விளக்கம் பரவியது: கோய்ல் பழுது பார்க்கிறவர், கட்டுகிறவர் அல்ல, பாதியில் வந்தால் சரிசெய்வார், அடித்தளம் போடச் சொன்னால் திணறுவார் என்று. கேட்க அழகாக இருக்கிறது, நானும் சில மாதங்கள் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் ஜாம்ஷெட்பூர் இதற்குக் குறுக்கே நிற்கிறது. அங்கே முதல் பருவத்தில் ஆறாம் இடம் பிடித்தவர், இரண்டாம் பருவத்தில் 20 ஆட்டங்களில் 43 புள்ளிகளுடன், புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான லீக் ஷீல்டை வென்றார். அதுவும் நான்கு வெளிநாட்டவர் விதி வந்த பிறகு. அடித்தளம் போடத் தெரியாதவர் இதைச் செய்ய முடியாது.

எனக்குப் படுவது வேறு. அவருடைய ஆட்டமுறை, எதிரணியின் இரு வரிசைகளுக்கு நடுவில் பந்தை வாங்கித் திரும்பக்கூடிய ஒரே ஒரு ஆளை நம்பி நிற்கிறது. 2020-ல் அந்த ஆள் கிரிவெல்லாரோ. ஜாம்ஷெட்பூரில் அந்த ஆள் கிரெக் ஸ்டூவர்ட். அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் விருதே அவருக்குத்தான் கிடைத்தது. 2023-ல் சென்னையின் நிர்வாகம் கோய்லோடு கிரிவெல்லாரோவையும் சேர்த்தே அழைத்து வந்தபோது நாங்கள் இரட்டிப்பாக மகிழ்ந்தோம். ஆனால் வந்தவருக்கு வயது 34. இடையில் கணுக்காலில் பெரிய காயம் பட்டு மீண்டவர். பழைய ஜோடியை அப்படியே மேடையேற்றினால் பழைய நாடகம் தானாக நடக்கும் என்று நிர்வாகமும் நம்பியது, டிக்கெட் வாங்கிய நாங்களும் நம்பினோம். அடுத்த பருவத்தில் அவர் இல்லை. அவருடைய இடத்தில் அந்தத் தரத்தில் யாரும் வரவுமில்லை. பக்கவாட்டில் ஓடிய கானர் ஷீல்ட்ஸ்தான் எதையாவது உருவாக்கிக்கொண்டிருந்தார்.

இதில் கோய்லின் பங்கு இல்லையா என்றால், உண்டு. வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் அவருடைய சொல் எடுபட்டது. ஆள் இல்லாதபோது முறையை மாற்றியிருக்கலாம்; மாற்றவில்லை. லீக்கில் இரண்டு பருவங்களும் சேர்த்து 46 ஆட்டங்களில் 54 புள்ளிகள் என்பது, 12 ஆட்டங்களில் 24 எடுத்த அதே மனிதரின் கணக்கு என்பதை எந்த விளக்கமும் மூடி மறைக்காது. 2025-ல் அவர் விலகியபோது பொறுப்பு கிளிஃபோர்ட் மிராண்டாவிடம் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை.

இன்னொரு முறை அழைத்தால் வரவேற்பீர்களா என்று கீழே யாராவது கட்டாயம் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆறு ஆட்டத்தில் ஐந்து புள்ளியோடு அணி தத்தளித்து, உள்ளே கிரிவெல்லாரோ போன்ற ஒருவர் 30 வயதில் ஆடிக்கொண்டிருந்தால், அன்று மாலையே மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறுவேன். இல்லாவிட்டால் பேக்கரியிலேயே இருந்துகொள்கிறேன். சகலையின் தொலைபேசியையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.